முப்பத்தெட்டாம் தகடு

பிட்ஸ்பர்க்
9 மார்ச் 2009

ஐவா அக்காவுக்கு,

நேற்று இங்கே மருத்துவமனைக் கணினியில் நம் அம்மாவின் முட்டைக்கோஸைப் பார்த்தேன்.

நான் இந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்வது உனக்குத் தெரிந்திருக்காது. நாலு வருஷமாக நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வாங்கிய உணவு மென்பொருளை ஏற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். உணவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தால் நடுவில் 'நோல்ட் வீட்டு முட்டைக்கோஸ், சர்க்கரை குறைத்தது' என்று நிற்கிறது. அதில் சர்க்கரையைக் குறைத்தவள் இந்த உலகத்தில் அம்மா ஒருத்திதான், அதுவும் அப்பாவின் பல்லுக்காக.

விற்பது யார் தெரியுமா? க்ளென் ப்ரூபேக்கர். உங்கள் சபையில் ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவன். வருஷா வருஷம் கட்டணம் கட்டினால்தான் திறக்கும். உள்ளே கணக்கு எப்படி நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்திருக்கிறான்.

வழக்கறிஞர் ஒருத்தியிடம் பேசினேன். ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. என் அக்கா மகள் லோயிஸுக்குப் பிறவியிலேயே ஒரு நோய், புரதத்தில் உள்ள லூசினை அவள் உடம்பு கரைக்காது, அது கூடினால் மூளை வீங்கும், சபைக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எங்கள் ஜனங்களிடையே இது அதிகம் என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றுபோன என் அக்கா நூலகத்துப் புத்தகங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு ஒரு கணினி நிரல் எழுதினாள், உணவின் எடையைக் கொடுத்தால் அதில் லூசின் எவ்வளவு என்று அது சொல்லும், அதைக் குறுந்தகடுகளில் ஏற்றி நோயுள்ள வீடுகளுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பினாள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "சரி, உங்க அக்காவுக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்றாள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2004இல் உன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த நிரலின் தலைப்பில் உரிம வாசகத்தை எழுதியது நான்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும், அதாவது எழுதிய வரிகளையும், இதே நிபந்தனையோடு கொடுத்தாக வேண்டும். க்ளென் அதை மீறிவிட்டான். எழுதியவள் நீ, எனவே பதிப்புரிமை உன்னுடையது. வழக்குப் போட உன் கையெழுத்து ஒன்று போதும். தாள் இதோடு இருக்கிறது.

லேமர்


எஃப்ராட்டா
16 மார்ச் 2009

அன்புள்ள தம்பி லேமருக்கு,

கர்த்தருடைய சமாதானம் உனக்கு உண்டாகட்டும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டேன். ரொட்டி வெந்து இறங்கும்வரை அது அங்கேயே இருந்தது. உன் அத்தான் எல்வினும் படித்தார். நான் பதில் எழுத உட்கார்ந்தபோது விளக்கை மட்டும் கிட்டே நகர்த்தி வைத்தார்.

லோயிஸுக்குப் பதினாலு ஆகிறது. தன் தட்டைத் தானே எடைபோடுகிறாள். நான் போடும் எடையில் ஒரு கிராம் பிசகினாலும் திருத்துகிறாள்.

தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். சகோதரனை நீதிமன்றத்துக்கு இழுப்பது நம் சபை ஒழுங்கில் இல்லை. நீ விட்டுவிட்டுப் போன ஒழுங்குதான், ஆனாலும் மறந்திருக்க மாட்டாய். முதலில் தனியாகப் போய் அவனிடம் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு பேரோடு போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும். நான் அப்படியே செய்வேன்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த நிரலின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னால் பார்க்க முடியுமா? பட்டியலில் உலர் சோளம் நூறு கிராமுக்கு என்ன எண் காட்டுகிறது?

ஐவா


பிட்ஸ்பர்க்
21 மார்ச் 2009

அக்கா,

தலைப்பைப் பார்க்க முடியாது. மூடி வைத்திருக்கிறான் என்றால் அதுதான் அர்த்தம். உலர் சோளத்துக்கு 348 மில்லிகிராம் காட்டுகிறது. வீடு பற்றி எரிகிறது என்றால் நீ சோளத்தை விசாரிக்கிறாய்.

பதிப்புரிமை என்றாலே உங்களுக்குப் பேராசை என்றுதான் படுகிறது. அந்தச் சட்டம் எழுதியவனைப் பணக்காரனாக்குவதற்காக வந்ததில்லை. புதிதாக ஒன்றை எழுதுகிறவன் தைரியமாக எழுதட்டும், கொஞ்ச காலம் அவன் சொல்கிறபடி நடக்கட்டும், பிறகு அது ஊருக்கெல்லாம் சொந்தமாகட்டும் என்பதுதான் அதன் நோக்கம். அந்தக் கொஞ்ச காலத்தை இழுத்து இழுத்து மூன்று தலைமுறை ஆக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. சோளத்தில் எவ்வளவு லூசின் என்பது இயற்கை. அதை யாரும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. நீ அதை எழுதிய விதம், அந்த வரிகள், அதுதான் உன்னுடையது.

நம் உரிமம் அந்தச் சட்டத்தின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. வேலி உன்னுடையது என்பதால்தான் "எல்லாரும் உள்ளே வாங்க, ஆனா போகும்போது கதவைச் சாத்தாதீங்க" என்று உன்னால் சொல்ல முடிகிறது. வேலியே உன்னுடையதில்லை என்றால் வருகிறவன் தன் பூட்டை மாட்டிக்கொண்டு போவான். நிபந்தனை போட உனக்கு வாய் ஏது?

இரண்டு பேரோடு போ, இருபது பேரோடு போ. க்ளென் பாட்டுக்கு எல்லாரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்புவான்.

லேமர்


எஃப்ராட்டா
31 மார்ச் 2009

அன்புள்ள தம்பிக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் உன் மருத்துவமனையின் உணவுப் பிரிவுக்கு நான் தொலைபேசியில் சொல்லியிருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். உன்னையே கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

அந்த 348 தவறு. அது என் தவறு. நம் வீடுகளில் உலர் சோளத்தை உலர்ந்தபடியே யாரும் எடை போடுவதில்லை. முந்தின நாளே பாலில் ஊறப் போட்டுவிடுவோம். லோயிஸுக்காக நான் தண்ணீரில் ஊறவைத்து, ஊறி மூன்று மடங்கு கனத்த பிறகு எடை போட்டு, 'உலர் சோளம்' என்று எழுதி வைத்தேன். உலர்ந்த சோளத்தை அப்படியே தராசில் வைக்கிற தாய்க்கு உள்ள லூசினில் மூன்றில் ஒரு பங்குதான் நிரல் காட்டும். 2007 பிப்ரவரியில் ஒரு நாள் ஊறப்போட மறந்து நானே உலர்ந்தபடி எடைபோட்டுக் கொடுத்து, லோயிஸ் இரண்டு நாள் தள்ளாடியபோதுதான் கண்டுபிடித்தேன். தகடு வாங்கிய நாற்பத்தொரு வீடுகளுக்கும் அன்றே திருத்தச் சீட்டு எழுதினேன். எந்தத் தகடு எந்தத் தேதியில் யாருக்குப் போனது என்று என் நோட்டில் இருக்கிறது. முப்பத்தெட்டாம் தகடு, 2006 அக்டோபர், க்ளென் ப்ரூபேக்கர், 'கென்டக்கியில் தெரிந்த ஒரு குடும்பத்துக்காக' என்று வாங்கிக்கொண்டு போனது. திருத்தச் சீட்டு அவனுக்கும் போனது. அவன் அதைப் பிரித்தானா என்று தெரியாது.

சனிக்கிழமை வெல்லப்பாகு ஊற்றி ஷூஃப்ளை பை ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். மரியாதையாகத்தான் பேசினான். சோளத்தைச் சொன்னேன். அடுத்த பதிப்பில், செப்டம்பரில், சரி செய்கிறேன் என்றான். இப்போதே எல்லாருக்கும் சொல் என்றேன். சொன்னால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள் என்றான். யார் யாருக்கு விற்றாய், பெயர்களைக் கொடு, நானே தபால் எழுதுகிறேன் என்றேன். அது கம்பெனி ரகசியம் என்றான். பிறகு உன் உரிமத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். உள்ளே போய் என் தகட்டையே எடுத்து வந்து கணினியில் போட்டுத் தலைப்பைக் காட்டினான்.

"நீங்களே கர்த்தருக்குன்னு எழுதி வச்சிருக்கீங்க ஐவா அக்கா. அவர்கிட்ட நான் ஜெபத்துல கேட்டுக்கிட்டேன். வேண்டாம்னு அவர் சொல்லலையே."

லேமர், இதை உனக்கு மூன்று வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில், சபையில் அப்பமும் ரசமும் பங்கிடும் இராப்போஜனத்துக்கு முன் என்னை நானே சோதித்துப் பார்க்கிற வாரத்தில், கணினியைத் திறந்தபோது முதல் வரியில் என் பெயர் இருந்தது. 'உரிமை ஐவா சென்செனிக்கினுடையது.' நான் தைத்த எந்தப் போர்வையிலும் என் பெயரைத் தைத்ததில்லை. அந்த வரி என்னைக் குத்தியது. என் பெயரை எடுத்தேன். பெயர் போன பிறகு கீழே நிபந்தனைகள் அதிகாரம் பண்ணுவதுபோல் பட்டன. அவற்றையும் எடுத்தேன். 'இது கர்த்தருக்குரியது, தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று மட்டும் எழுதினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

முப்பத்தெட்டாம் தகடு அதற்குப் பிறகு போனது.

ஐவா


பிட்ஸ்பர்க்
4 ஏப்ரல் 2009

அக்கா,

வழக்கறிஞரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "கடவுள் சாட்சிக் கூண்டுல ஏற மாட்டாரே" என்றாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியவளே நீ. அவனுக்குத் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டான். அந்தப் பிரதியைப் பொறுத்தவரை இனி பிடிக்க ஒன்றுமில்லையாம்.

உன் பெயரை எடுத்ததாக எழுதியிருக்கிறாய். நீ எடுத்தது கதவுக்கு வைத்திருந்த முட்டு. அதை நான் வைத்தேன். உன் வீட்டு மேசையில் எனக்கு இடம் இருந்த காலத்தில், என் கையால் வைத்தேன். நான் சபையை விட்டுப் போனதும் எல்வின் எனக்கு எழுதினாரே, மனந்திரும்பும்வரை வர வேண்டாம் என்று, அதற்கு அடுத்த வருஷம் நான் எழுதியதையும் வெளியே அனுப்பிவிட்டாய். என் எழுத்துகூட அந்த வீட்டில் இருக்கக் கூடாதா?

உன் பணிவுக்கு விலை கொடுக்கப்போவது நீ இல்லை. உனக்குத் தெரியாத ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி தராசில் சோளத்தைக் கொட்டிக்கொண்டிருப்பாள்.

லேமர்


எஃப்ராட்டா
22 ஏப்ரல் 2009

தம்பிக்கு,

இரண்டு சாட்சிகளோடு போனோம். நீ சொன்னபடியே காப்பி கொடுத்தான்.

எல்வினும் வந்தார். திரும்பும்போது வண்டியில் எல்வின், "லேமர் எழுதின வாசகத்தை நீ எடுத்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். கேட்டிருந்தால் எடுக்கச் சொல்லியிருப்பாரா என்று கேட்டேன். பாலம் தாண்டினோம். பிறகு, "சொல்லியிருப்பேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த மருத்துவமனைகள் பதினேழுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். நான்கு பதில் வந்தது. மூன்றில், நாங்கள் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளைப் பற்றி ஒரு வீட்டுப் பெண்மணி சொல்வதை ஏற்க இயலாது என்று நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள்.

நீ கேட்டதற்கு: உன் எழுத்து என்பதால் எடுக்கவில்லை. அப்படி எழுதிவிட்டு, இது உண்மைதானா என்று நீண்ட நேரம் யோசித்தேன். முழுவதும் உண்மை என்று சொல்ல முடியவில்லை.

ஐவா


பிட்ஸ்பர்க்
12 மே 2009

அக்கா,

அந்த வீடு கென்டக்கியில் இருக்கிறது. க்ளென் தகடு வாங்கியது யாருக்காக என்று சொன்னானோ, அதே குடும்பம். அந்தத் தகடு அவர்களுக்குப் போகவே இல்லை. இந்த வருஷம் அவர்கள் ஊர் மருத்துவமனை அவனிடமே மென்பொருளை வாங்கி, அதிலிருந்து அட்டவணை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது.

மிரியம் ஹூவர். நாலு வயது. போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டில் சோளம் சமைத்திருக்கிறார்கள். பிள்ளையின் பங்கைத் தாய் தனியாக உலர்ந்தபடியே எடைபோட்டு, அட்டவணையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்றுகூடச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்கு நினைவு தப்பியது. இங்கே கொண்டுவந்தார்கள். உயிர் இருக்கிறது. பேச்சு வரவில்லை. அம்மாவைப் பார்த்தால் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

மிரியமின் அப்பாவைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். நம் ஜனங்களின் தொப்பி, தாடி. என் பேச்சில் அவருக்கு ஊர் தெரிந்துவிட்டது. "தராசு தப்பா காட்டிடுச்சோ தம்பி? புதுத் தராசுதான், என் பொண்டாட்டி அதைத் தூக்கிப் போட்டுட்டா" என்றார். தராசு சரிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேறெது தவறு என்று கேட்பார். உன் பெயரைச் சொல்வதா, க்ளென் பெயரைச் சொல்வதா, கர்த்தர் பெயரைச் சொல்வதா? காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

க்ளெனைத் தவிர உன்னிடம் தகடு வாங்கிய நாற்பது வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் தவறு எங்கே இருக்கிறது என்று உன்னால் பார்க்க முடிந்தது, யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. திறந்திருக்க வேண்டும் என்று நான் சொன்னது இதற்குத்தான். காசுக்கு இல்லை. இப்போதாவது புரிகிறதா?

லேமர்


எஃப்ராட்டா
30 ஆகஸ்ட் 2009

அன்புள்ள தம்பி லேமருக்கு,

மே மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். மிரியமின் தாய்க்கு முதலில் எழுதினேன். தவறு தராசில் இல்லை, என்னிடம் என்று எழுதினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

ஜூனில் விஷயம் சபைக்கு வந்தது. க்ளென் எழுந்து நின்று, தகடு கொடுத்தபோது தவறோடுதான் கொடுக்கப்பட்டது, திருத்தச் சீட்டு மற்றத் தபால்களோடு பிரிக்காமல் கிடந்துவிட்டது, வருத்தப்படுகிறேன் என்றான். போதகர் வீவர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். கர்த்தருக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது பெருமை அல்லவா சகோதரி, அதைப் பாவம் என்று சபை முன் அறிக்கையிடலாமே என்றார்.

நானும் அறிக்கையிட்டேன், லேமர். ஆனால் அவர் கேட்டதை இல்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் என் பேரை எடுத்தேன். அதைப் பணிவுன்னு நெனச்சேன். பேர் இருந்தா யாராவது கூப்பிட்டுக் கேப்பாங்க, பதில் சொல்லணும். கர்த்தர் பேரைப் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. என் தப்புக்கு நான் அவர் பேரைப் போட்டுட்டேன். அதுதான் என் பாவம்."

பெண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். மனம் இன்னும் இளகவில்லை என்று போதகர் சொன்னார். இந்த இலையுதிர் கால இராப்போஜனத்தில் எனக்குப் பங்கில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் முறை. எல்வின் தானும் வெளியே உட்கார்ந்துகொள்வதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றேன், கேட்பதாகத் தெரியவில்லை.

இந்த மூன்று மாதமும் நிரலை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினேன். பழைய பிரதி போனது போனதுதான். அதைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. புதியதில் இருநூற்றுப் பன்னிரண்டு உணவுகளையும் லோயிஸும் நானும் மறுபடி எடைபோட்டோம், உலர்ந்தது ஒரு முறை, ஊறியது ஒரு முறை, வெந்தது ஒரு முறை. தகட்டை எல்லா வீடுகளுக்கும் அனுப்பிவிட்டு, உனக்கும் இதோடு வைத்திருக்கிறேன். தலைப்பில், 2004இல் நீ எழுதிய வாசகத்தை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் வைத்திருக்கிறேன். என் பழைய நோட்டில் பிரதி எடுத்து வைத்திருந்தேன்; எடுத்துப் போட்டதைக்கூட எழுதி வைக்கிறவள் நான். அதற்கு மேலே என் பெயர், வருஷம், வீட்டு விலாசம், தொலைபேசி எண். 'தவறு கண்டால் கூப்பிடவும்.' நான் செய்த ஒரு பொருளில் என் கையால் என் பெயரை ஏற்றியது இதுதான் முதல்.

நீ கேட்பாய் என்று தெரியும்: நாளைக்கு ஒருவன் இதையும் மூடிவைத்தால் நீதிமன்றத்துக்குப் போவாயா? அதைக் கர்த்தரிடம் இன்னும் பேசி முடிக்கவில்லை. எடுக்கிறவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

போன வாரம்தான் முதல் அழைப்பு வந்தது. மிரியமின் தாயாக இருக்கும் என்று நினைத்து ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன். க்ளென். செப்டம்பர் பதிப்புக்குச் சோளத்தின் சரியான எண் வேண்டுமாம். எண்ணைச் சொன்னேன்; எண் யாருக்கும் சொந்தமில்லை. மற்றத் திருத்தங்களும் வேண்டும் என்றான். எல்லாம் தகட்டில் திறந்தே இருக்கிறது, எடுத்துக்கொள், தலைப்பை மட்டும் படித்துவிட்டு எடுத்துக்கொள் என்றேன்.

பிறகு, "பேர் போடாத பிரதி ஒண்ணும் இல்லையாக்கா?" என்றான்.

இல்லை என்றேன்.

ஐவா சென்செனிக்